இந்தியப் பறவைப் பட்டியல்: ஒரு தணிக்கைக்காரியின் விமர்சனம்

பிரவீன், ராஜா ஜெயபால், ஆசீஷ் பிட்டி என்ற பறவை ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து 2016-ல் ‘இந்தியன் பேர்ட்ஸ்’ இதழில் வெளியிட்ட இந்தியப் பறவைகளின் பட்டியலை, பறவை பார்க்கிற யாராக இருந்தாலும் முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். காசு எதுவும் கிடையாது. அதன் திருத்திய பதிப்புகள் எக்செல் கோப்பாகவும் வருகின்றன.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் வங்கித் தணிக்கையில். இப்போது பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் காலையில் பறவை பார்க்கும் எங்கள் சின்னக் குழுவின் பதிவேட்டை எழுதுவது நான்தான். “ஆன்ட்டி, நெட்ல தேடினா எத்தனையோ லிஸ்ட் வருதே, இதுல என்ன விசேஷம்?” என்று குழுவில் இருக்கும் கல்லூரிப் பையன் கேட்டான். வவுச்சர் இல்லாத செலவைத் தணிக்கையில் ஏற்றுக்கொள்ள மாட்டோம் இல்லையா, பட்டியல் போட்ட இவர்களும் அப்படித்தான். அருங்காட்சியக மாதிரி (பாடம் செய்து வைத்த பறவை), புகைப்படம், ஒலிப்பதிவு, அதுவும் இல்லையென்றால் சந்தேகத்துக்கு இடம் வைக்காத களக்குறிப்பு என்று ஏதாவது ஒன்று வேண்டும். எழுதியவர் பெரிய ஆள் என்பது மட்டும் போதாது.

இந்தக் கண்டிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு ஃபாரஸ்ட் அவ்லெட் என்ற சிறிய ஆந்தையின் கதை போதும். 1880-களில் மகாராஷ்டிரத்தின் கந்தேஷ் பகுதியில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற பறவை சேகரிப்பாளர் அதன் மாதிரிகளைச் சேகரித்தார். 1914-ல் குஜராத்தில் தானும் ஒன்றைச் சுட்டதாக ரிச்சர்ட் மைனர்ட்ஷாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சொல்லிக்கொண்டார். உண்மையில் அது டேவிட்சனின் மாதிரிகளில் ஒன்று. அருங்காட்சியகத்திலிருந்து திருடி, வேறு சீட்டு ஒட்டியிருக்கிறார்! பமீலா ராஸ்முசன் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் இதைக் கண்டுபிடித்தார். அந்தப் பொய்யான இடத்தை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான பதிவுகளை நம்பிப் போன ராஸ்முசன் குழுவுக்கு 1997-ல் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அந்த ஆந்தை உயிரோடு கிடைத்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் காணாமல் போயிருந்த பறவை. பொய்ப்பதிவு ஒன்று உள்ளே நுழைந்தால் தேடுகிறவர்களைத் தவறான காட்டுக்கே அனுப்பிவிடும். எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

இன்னொன்று, எல்லை. அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்ளி 1961-ல் தொகுத்த பறவைப் பட்டியல் பாகிஸ்தான், நேபாளம், இலங்கை என்று துணைக்கண்டம் முழுவதுக்குமானது. இந்தியாவுக்குள் மட்டும் எத்தனை என்றால் அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். 2016 பட்டியல் இன்றைய அரசியல் எல்லைக்குள் நம்பத்தகுந்த பதிவு உள்ளவற்றை மட்டும் எடுத்து, 1263 இனங்கள் என்று நிறுத்தியது. பிறகு வந்த திருத்தங்களில் எண்ணிக்கை 1350-ஐத் தாண்டிவிட்டது. புதிதாகக் கண்டவையும் உண்டு, ஒரே இனம் என்று நினைத்திருந்ததை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரித்ததும் உண்டு.

இந்தப் பிரிப்புதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் தலைவலி. ஏரியோரம் திரியும் நீலத் தாழைக்கோழியை முன்பு பர்ப்பிள் ஸ்வாம்ப்ஹென் என்று எழுதினோம், இப்போது கிரே ஹெட்டட் ஸ்வாம்ப்ஹென். உண்ணிக்கொக்கின் ஆங்கிலப் பெயரான ‘கேட்டில் ஈக்ரெட்’டுக்கு முன்னால் ‘ஈஸ்டர்ன்’ வந்துவிட்டது. பதிவேட்டில் எந்தப் பதிப்பைப் பின்பற்றினோம் என்று பக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்குக் குழப்பம் வராது.

குறை என்றால், 2016 பிடிஎஃப்பைக் கைபேசியில் படிக்க முடியவில்லை; கணினி வேண்டும். ஆங்கிலப் பெயரும் அறிவியல் பெயரும்தான் இருக்கின்றன. ராஜா ஜெயபால் கோவை சலீம் அலி பறவையியல் மையத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்: தமிழ்ப் பெயருக்கும் ஒரு நெடுவரிசை சேர்க்கலாமே? எங்கள் குழுவில் ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்கள் இருக்கிறார்கள், பறவையை அடையாளம் காண்பதில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

அப்புறம், பட்டியலைப் பார்த்தால் மட்டும் போதாது. அதே மூவர் 2013 முதல் அதே இதழில் எழுதிய அரிய பறவைகள் பற்றிய கட்டுரைகளையும் படியுங்கள், முதலில் கடற்பறவைகள் பற்றியதை. எந்தப் பதிவை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையனுக்கு நான் அச்செடுத்துக் கொடுத்தது அதைத்தான்.