கூகல் டிரான்ஸ்லேட்: சிங்கப்பூரில் தமிழுக்கு எதுவரை நம்பலாம்

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காட்டினர்தான். சேவை முகப்புக்கு மேலே பலகையில் தமிழ் இருக்கும்; முகப்பில் இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் தடுமாறும் மூத்தோர், பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்த பெற்றோர், கட்டுமானத் தளத்து ஊழியர் ஆகியோர் அங்கே பெரும்பாலும் கைப்பேசியை எடுத்து கூகல் டிரான்ஸ்லேட்டைத்தான் திறக்கிறார்கள். இலவச மொழிபெயர்ப்புச் செயலி. தமிழ் இதில் 2011-ல் சேர்ந்தது. எழுத்து, குரல், கேமரா மூன்றும் இன்று தமிழுக்கு உண்டு. வழி கேட்கவும், கடிதத்தின் சாரம் அறியவும், சாப்பாடு சொல்லவும் தாராளமாக நம்பலாம். மருந்தின் அளவுக்கும் கையெழுத்துப் போடும் தாளுக்கும் இதை மட்டும் நம்பக்கூடாது.

குரல்வழிதான் அதிகம் பயன்படுகிறது, அதிகம் சறுக்குவதும் அங்கேதான். பேச்சில் சற்று இடைவெளி விழுந்தால் மைக் தானாக மூடிக்கொள்ளும். தமிழில் வினையும் மறுப்பும் கடைசியில் வருவதால் இது சாதாரணக் குறையாக நின்றுவிடுவதில்லை. “இந்த மாத்திரை எனக்கு...” என்று யோசித்து நிறுத்தினால், “ஒத்துக்காது” என்ற முக்கியமான சொல் போய்ச் சேராது. எனவே சொல்ல வேண்டியதை மனதில் அமைத்துக்கொண்டு, ஐந்தாறு சொற்களில் ஒரே மூச்சில் சொல்லுங்கள். யாரைப் பற்றிய பேச்சு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “வந்தாங்க, விழுந்துட்டாங்க” என்று மொட்டையாகச் சொன்னால் ஆணா, பெண்ணா, பலரா என்பதைச் செயலி ஊகிக்கத்தான் முடியும். “என் அம்மா விழுந்துவிட்டார்” என்றால் அந்தக் குழப்பம் இல்லை. நாம் ஆங்கிலச் சொற்களைக் கலந்து பேசுவதால் மொழியைத் தானே கண்டறியும் முறை தடுமாறும். அதை விட்டுவிட்டு, பேசுபவருக்கேற்ப அந்தந்த மொழியின் மைக்கைக் கையால் அழுத்துவதே நல்லது. உணவங்காடி இரைச்சலில் பேசிப் போராடுவதைவிடத் தட்டச்சு செய்து திரையைக் காட்டிவிடலாம்.

பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகும்போது இன்னும் கவனம் வேண்டும். மூச்சுப் பிடிப்பு என்று நாம் சொல்வது தசைப்பிடிப்பு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மூச்சுத்திணறல் போல ஒலிக்கும். மயக்கம் என்றால் தலைசுற்றலா, நினைவு தப்பியதா என்பதை மருத்துவர் தெரிந்துகொண்டாக வேண்டும். “தலை சுற்றுகிறது” என்றோ “நினைவில்லாமல் விழுந்தேன்” என்றோ பிரித்துச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது “நாளைக்கு ரெண்டு மாத்திரை”. தினமும் இரண்டா, மறுநாள் இரண்டா? “ஒரு நாளில் காலை ஒன்று, இரவு ஒன்று” என்று விரித்துச் சொன்னால்தான் தப்பில்லை. வந்த மொழிபெயர்ப்பை இடமாற்றுக் குறியை அழுத்தித் தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள். திரும்பி வரும் தமிழ் வேறு பொருள் தந்தால் வாக்கியத்தை மாற்றிக் கேளுங்கள். இது எல்லாப் பிழையையும் பிடிக்காது. எதிர்மறை விழுந்துபோன பிழையைப் பெரும்பாலும் காட்டிவிடும். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல், பரிசோதனை முடிவு என்றால் முன்பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

கேமரா நகர மன்றக் கடிதம், மின்கட்டண ரசீது போன்ற தட்டையான அச்சுத் தாள்களில் நன்றாக வேலை செய்கிறது. கைப்பேசியை ஆட்டிக்கொண்டே படித்தால் எழுத்து மினுங்கி மாறும். படமெடுத்து நிறுத்திப் படிக்க வேண்டும். உருண்டையான மருந்துப் புட்டியில் வரி வளைவதால் எண்ணும் அலகும் பிரிந்துபோகும். புட்டியைச் சுழற்றி, ஒரு வரி நேராகத் தெரியும்போது ஒரு படம், அடுத்த வரிக்கு இன்னொன்று என எடுங்கள். தமிழ் மொழிக்கோப்பை வைஃபையில் முன்பே இறக்கி வைத்தால் இணையம் இல்லாத இடத்திலும் ஓடும், தரம் சற்றுக் குறைவாக.

சீன மூத்தோர் கடையில் எளிய வரிவடிவச் சீனத்தைத் தேர்ந்தெடுத்து, எழுத்தை முழுத்திரைக்குப் பெரிதாக்கிக் காட்டுங்கள். அவர் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் பதில் சொன்னால் மாண்டரின் மைக் உளறும். அப்போது எண்களும் கைச்சைகையும் போதும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசேநி (மத்திய சேம நிதி) போன்ற நம்மூர்ச் சுருக்கங்களை உள்ளிடாதீர்கள், முழுப் பெயரை எழுதுங்கள். உள்ளூர் வழக்கை மனதில் வைத்து உருவான ‘எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்’ தளத்தை அப்போதைய தொடர்பு, தகவல் அமைச்சு 2022-ல் தொடங்கியது. அரசாங்க அறிவிப்பு போன்ற எழுத்துக்கு அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஆங்கிலத்துக்கும் மற்ற மூன்று மொழிகளுக்கும் இடையில் பெயர்ப்பது. மேம்பட்ட பெயர்ப்பு தெரிந்தவர் அதைச் சமர்ப்பிக்கவும் வழியுண்டு. நம் தமிழை நாமே திருத்திக் கொடுக்கும் அந்த வசதி உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது.

வேலை அனுமதியில் வரும் தம்பிகளுக்கு ஒரு சொல். முதலாளி நீட்டும் ஆங்கிலத் தாளைக் கேமராவில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஊழியருக்கான ஐபிஏ கடிதத்தின் (வேலை அனுமதிக்கான கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம்) தாய்மொழிப் பிரதி உண்டு. அதைக் கேட்டு வாங்கி அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் மூன்றையும் எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். அடையாள எண்ணைச் செயலியில் இடவே வேண்டாம்.

அவசர மருத்துவ உதவிக்கு 995-ஐ அழைக்கும்போது செயலியைத் தேடி நேரத்தைக் கழிக்கக்கூடாது. புளோக் எண், மாடி, ஆறு இலக்க அஞ்சல் குறியீடு மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்ல வீட்டு மூத்தோருக்குப் பழக்கிவிடுங்கள். தமிழ் எழுத்தில் அந்த ஒலியை எழுதிக் கதவருகே ஒட்டிவைத்தால் பதற்றத்திலும் பார்த்துப் படிக்கலாம்.