ஏ 40 சோமசெற்றா, மொறிஸ் மைனரா?

பழைய கார் ஒன்றை வாங்கிப் பேண விரும்பி என்னிடம் யோசனை கேட்பவர்கள், பிரித்தானியக் கார்களான ஒஸ்ரின் ஏ 40 சோமசெற்றையும் மொறிஸ் மைனர் 1000ஐயுமே மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆகவே, உறவினர் ஒருவரின் 1953ஆம் ஆண்டுச் சோமசெற்றையும் நண்பர் ஒருவரின் 1958ஆம் ஆண்டு மைனரையும், யாழ்ப்பாண நகரிலிருந்து வல்லை என்னும் திறந்த வெளியூடாகப் பருத்தித்துறை வரை, அடுத்தடுத்த நாட்களில் ஓட்டிப் பார்த்தேன்.

அழகில் சோமசெற்றை மைனரால் நெருங்க முடியாது. உருண்டு திரண்ட மட்காட்டுகளும், பொனற்றின் மேல் பறக்கும் ‘ஏ’ சின்னமும், ஸ்ரியறிங் தண்டிலேயே அமைந்த கியர்க்கம்பியும் பார்ப்பவரை நிறுத்திவிடுகின்றன. 1952 முதல் 1954 வரை மட்டுமே செய்யப்பட்ட இந்தக் காரின் 1200 சிசி எஞ்சின் 42 குதிரைவலுவைத் தருகிறது. நான்கு பேரை ஏற்றிக்கொண்டும் அது திணறவில்லை. இதன் அழுத்த விகிதம், அதாவது எரியுமுன் சிலிண்டருக்குள் எரிபொருட் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது, 7.2 மட்டுமே. பெற்றோல் அரிதாகிய 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியபோது, குறைந்த அழுத்தம் கொண்ட இத்தகைய எஞ்சின்களே அந்த மட்டமான எரிபொருளைப் எஞ்சினுக்குள் கலவை தானே வெடித்துத் தட்டும் பெரிய இடிப்பின்றித் தாங்கின. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்த வண்டிகள் அவை என்பதால், அந்த நன்றியை ஒதுக்கிவைத்து இந்தக் காரை மதிப்பிட எனக்கு மனமில்லை.

ஆயினும் வல்லை வெளியின் குறுக்குக் காற்றில் சோமசெற் அலைந்தது. ஸ்ரியறிங்கில் வெற்று அசைவு அதிகம். வளைவுகளில் பொடி நன்றாகவே சாய்கிறது.

மறுநாள் அதே இடத்தில் மைனர் நூல் பிடித்தாற்போல் சென்றது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரில், வெற்று அசைவு குறைந்த, பற்சட்டமும் பற்சில்லும் கொண்ட ஸ்ரியறிங்கும், முன்சில்லுகளுக்கு முறுகி அதிர்வைத் தாங்கும் முறுக்குத்தண்டு வில்லும் தொடக்கத்திலிருந்தே இருந்தன. வடிவமைப்பு முடியும் தறுவாயில் காரின் அகலத்தை 4 அங்குலம் கூட்டியதும் அதன் நிதானத்துக்குத் துணைசெய்தது. 948 சிசியும் 37 குதிரைவலுவும் கடதாசியில் சிறியவை. ஆனால் கார் பாரம் குறைந்தது என்பதால் அக்குறை ஓட்டத்தில் தெரிவதில்லை. நண்பரின் கார் இருகதவு வகை என்பதால், பின்னிருக்கையில் ஏறி இறங்க என் தாயார் மிகவும் சிரமப்பட்டார். வயதானோர் உள்ள வீட்டுக்கு நான்குகதவு வகையே ஏற்றது.

உதிரிப்பாகங்களிலும் மைனரே முந்துகிறது. இங்கிலாந்தில் இன்றும் புதிய பாகங்கள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் இதன் தகட்டுப் பகுதிகள் தென்னிலங்கையில் செய்யப்பட்டு அங்கே அனுப்பப்பட்டதும் உண்டு. சோமசெற்றுக்கோ, வேறொரு காரைக் கழற்றினால்தான் பல பாகங்கள் அகப்படும்.

ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு நான் மைனரையே சொல்வேன். ஆனால் பணம் கொடுக்கும் முன், காரை ஜக்கில் உயர்த்தி முன்சில்லுகளின் கீழ்மூட்டைப் பார்க்க வேண்டும். கிறீஸ் காணாமல் தேய்ந்த மூட்டு ஓட்டத்திலேயே கழன்று, சில்லு மடிந்துவிடும். கடற்கரையோர ஊர்களில் நின்ற காரென்றால், கதவடித் தகட்டின் உட்புறத் துருவையும் தட்டிப் பார்த்தே விலை பேச வேண்டும்.