மஞ்சு இறங்கும் ஊரில் பால்புதுமைப் படக்கதைகள்: மூன்று மழைக்காலம் கழித்து

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஒரு புத்தகம் இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று ஐப்பசி, கார்த்திகை ஈரம். மற்றொன்று இரண்டாம் வாசிப்பு. தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற பால்புதுமையினரைப் பற்றிய கிராஃபிக் நாவல்களையும் சூப்பர்ஹீரோ படங்களையும் மூன்று மழைக்காலமாகக் கைமாற்றிப் படித்தும் பார்த்தும் வந்ததில் எங்களிடம் மிஞ்சிய கணக்கு இது. முதல் தடவை பிடித்துப்போனவை நிறைய. திரும்ப எடுக்கத் தோன்றியவை கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்தில் முதலிடம் ட்ருங் லே நுயென் 2020இல் வெளியிட்ட 'தி மேஜிக் ஃபிஷ்'. அமெரிக்காவில் வளரும் வியட்நாமியக் குடும்பத்துப் பையன், தான் தன்பாலீர்ப்பாளன் என்று அம்மாவிடம் சொல்ல நினைக்கிறான். அம்மாவின் மொழியில் அதற்கு என்ன வார்த்தை என்று தெரியவில்லை. அதனால் இருவரும் தேவதைக் கதைகளைப் படித்துக்கொண்டே பேசாததைப் பேசுகிறார்கள். வீட்டில் படுகர்களின் படுகு மொழி, கடைவீதியில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் என்று மூன்று மொழியில் வளரும் இந்த மலைப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 'திருநங்கை' என்ற சொல் பாட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. 'தன்பாலீர்ப்பு' இன்னும் அடுப்படிக்குள் நுழையவில்லை.

இதை வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. கதை மூன்று நிறத்தில் ஓடுகிறது: நிகழ்காலம் சிவப்பு, அம்மாவின் கடந்தகாலம் மஞ்சள், தேவதைக் கதை நீலம். 6 அங்குலக் கறுப்பு வெள்ளை மின்வாசிப்பானில் மூன்றும் சாம்பலாகிவிடும். ஒரே பக்கத்தில் காலம் மாறும்போது எது எப்போது நடக்கிறது என்றே தெரியாமல் போகும். "ஒரே குழப்பமா இருக்கு" என்று பாதியில் மூடிவைப்பவர்களில் பெரும்பாலோர் அப்படிப் படித்தவர்கள். அச்சுப் பிரதி, இல்லாவிட்டால் 10 அங்குல வண்ணத் திரை.

கெங்கோரோ தாகாமேயின் 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்' மின்வாசிப்பானிலும் நன்றாக வரும், கறுப்பு வெள்ளை மாங்கா (ஜப்பானியப் படக்கதை) என்பதால். ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகள். வலமிருந்து இடம் படிக்க வேண்டும்; முதல் பத்துப் பக்கம் கண் தடுமாறும், பிறகு பழகிவிடும். இறந்துபோன தம்பியின் கனடாக்காரக் கணவர் மைக், யாயிச்சியின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். யாயிச்சி மனதுக்குள் கத்துவது ஒரு படக்கட்டத்தில் வரும், வாய்திறந்து மரியாதையாகச் சொல்வது அடுத்த கட்டத்தில். வேகமாகப் படித்தால் முதல் கட்டம் நிஜமாகவே நடந்ததாகப் பட்டுவிடும், கவனம். ஜப்பானியத் தலைப்புக்கு நேர்ப்பொருள் 'தம்பியின் கணவன்'. அண்ணனா தம்பியா என்று ஆங்கிலத் தலைப்பு சொல்லாது. தமிழில் சொல்லாமல் இருக்கவே முடியாது. யாயிச்சியின் மகள் கானா தமிழ்ப் பிள்ளையாக இருந்தால் மைக்கைச் சித்தப்பா என்பாளா, மாமா என்பாளா? இந்தக் கேள்வியைப் போட்டால் எங்கள் கூட்டத்தில் தேநீர் ஆறிவிடும். வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க இதைவிடத் தோதான புத்தகம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சமையல், பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டார் பேச்சு என்று அவர்களுக்குத் தெரிந்த உலகத்திலேயே கதை நகர்கிறது.

அம்ருதா பாட்டிலின் 'காரி' 2008இல் வந்தது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொல்வதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு. இரண்டு பெண்களின் தற்கொலை முயற்சியில்தான் கதை தொடங்குகிறது. கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். அதுபோல ஆலிஸ் ஓஸ்மேனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' இனிப்பான காதல் கதை என்று பெயர் வாங்கியிருந்தாலும் மூன்றாம் தொகுதியிலேயே உணவுக் கோளாறு தலைகாட்டி, நான்காவதில் மையமாகிறது. முதல் இரண்டைக் கொடுத்துவிட்டு, சொல்லிவிட்டு அடுத்தவற்றைக் கொடுங்கள்.

சூப்பர்ஹீரோ பக்கம் வந்தால் எங்கள் அளவுகோல் ஒன்றுதான். அந்தக் காட்சியை வெட்டி எடுத்தால் கதை விழுமா? 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் பெயரில்லாத ஒருவர், இன்னொரு ஆணோடு சாப்பிடப் போனதைச் சில வரிகளில் சொல்வார். வெட்டினால் ஒன்றும் ஆகாது. 'நிமோனா' (2023) அப்படியில்லை. பாலிஸ்டரும் அவன் காதலன் அம்ப்ரோசியஸும் எதிரெதிரே நிற்பதுதான் கதையின் முதுகெலும்பு. அதை எடுத்தால் படமே இல்லை. "நீ என்ன?" என்று கேட்டால், நினைத்த உருவம் எடுக்கும் நாயகி "நான் நிமோனா" என்கிறாள். படம் பார்த்துவிட்டு என்.டி. ஸ்டீவன்சனின் 2015 புத்தகத்துக்குப் போனால் முதல் பக்கங்களின் கோடு கரடுமுரடாகத் தெரியும். மாணவப் பருவத்தில் இணையத்தில் வரையத் தொடங்கியது; போகப்போகக் கை தேறுவதைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம்.

காமிக்ஸில் இதெல்லாம் தாமதமாக வந்ததற்குக் காரணம் உண்டு. 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட காமிக்ஸ் விதிமுறை இதைத் தொடவே விடவில்லை, 1989இல்தான் தளர்ந்தது. மார்வெலின் நாயகன் நார்த்ஸ்டார் தான் தன்பாலீர்ப்பாளன் என்று வெளிப்படையாகச் சொன்னது 1992இல். பேட்வுமன் கதைகளில் 'எலஜி' ஒன்று போதும். தான் யார் என்று பொய் சொல்ல மறுத்து ராணுவப் பயிற்சியை விட்டு வெளியேறுபவள் அவள். ஜே.எச். வில்லியம்ஸ் இரண்டு பக்கத்தையும் ஒரே ஓவியமாக வரைவார். போனில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் படித்தால் அது துண்டுதுண்டாகிவிடும். டேப்லெட்டைக் குறுக்கே திருப்பி, இரட்டைப் பக்கக் காட்சியில் வையுங்கள்.

இனித் தொடர்கள். 'அகதா ஆல் அலாங்' (2024) 9 பாகம். அதற்கு முன் 'வாண்டாவிஷன்' பார்க்காவிட்டால் பாதி புரியாது. 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடரில் சார்லியாக நடித்தவர்தான் இதில் பில்லி. 'ஷீ-ரா' 52 பாகம். முதல் பருவம் மெதுவாகப் போகும், ஆனால் அடோராவுக்கும் கேட்ராவுக்கும் இடையே ஐந்து பருவமும் கட்டிய முடிச்சு கடைசியில்தான் அவிழ்கிறது. 'ஹார்லி குவின்' கார்ட்டூன்தானே என்று குழந்தைகள் முன் போட்டுவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊரில் முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பதே வழி. சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை என்று வைத்துக்கொண்டால், அரைமணி பாகங்கள் எட்டுக்கு 4 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி பேக் என்றால் மூன்று நாள். இறக்கியவற்றில் சில, பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்த்து வைக்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு என்றால் தனி புரொஃபைல் போட்டு நான்கு இலக்க ரகசிய எண் (PIN) வையுங்கள். நெட்ஃபிளிக்ஸில் பார்த்த பட்டியலிலிருந்து மறைத்தாலும் எல்லாக் கருவியிலும் மறைய 24 மணி நேரம் வரை ஆகலாம். ஹாலில் அண்ணன் டிவியைப் போடும்போது 'தொடர்ந்து பார்க்க' வரிசையில் அது நிற்கக்கூடும்.

இனி ஈரம். வழுவழுப்புத் தாளின் மேல்பூச்சு நனைந்தால் இளகி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு பிரித்தால் படம் உரிந்து வரும். ஈரமாக இருக்கும்போதே பிரித்து, இடையில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். உடனே முடியாவிட்டால் ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். டில்லி வால்டனின் 'ஆன் எ சன்பீம்' 500 பக்கத்துக்கு மேல். இப்படிப் பசை போட்ட தடிப் புத்தகங்களைக் குளிர்காலையில் மல்லாக்க விரித்தால் முதுகு பிளக்கும். புதிதாக வந்ததும் முன்னிருந்து சில பக்கம், பின்னிருந்து சில பக்கம் என்று மாற்றி மாற்றித் திறந்து பழக்குங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் போடுங்கள். பச்சையாக மாறினால் இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் கிளறினால் மறுபடி ஆரஞ்சாகும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு ஒன்றும் செய்யாது. வெயிலில் காயப் போட்டால் அட்டை வளையும், நிறம் வெளுக்கும். நிழலில் காற்றாட வையுங்கள்.

இரவல் போகும் பிரதிகளுக்குப் பழுப்புத் தாள் அட்டை போடுகிறோம். சிலருக்கு வீட்டில் அது தேவைப்படுகிறது. ஆனால் பழுப்புத் தாள் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் பழையதை உரித்து, உள்ளட்டையில் பூஞ்சைப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புது அட்டை போட வேண்டும்.