ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மூளை ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்

மாதக்கணக்கில் விடாத தலைவலி, அதனால் எம்.ஆர்.ஐ. எடுத்தேன். கவரை வாங்கிப் படிக்கட்டிலேயே நின்று பிரித்தேன். இடது பொட்டுப் பக்கம் 3 செ.மீ. அரக்னாய்டு சிஸ்ட் (மூளையை மூடியிருக்கும் சவ்வில் உருவாகும் நீர்ப்பை) என்று ஒரு வரி. அதற்குக் கீழே, நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும் என்று இன்னொரு வரி இருந்ததை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை.

அறுவை மருத்துவர் அந்தத் தாளை மட்டும்தான் பார்த்தார். படங்கள் இருந்த சி.டி. உறையை விட்டு வெளியே வரவே இல்லை. “மூளையில கட்டி, எப்ப வேணும்னாலும் வெடிக்கும், இந்த வாரமே எடுத்துடலாம்” என்றார். தலைவலி எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று ஒரு கேள்வி இல்லை. வெளியே வருவதற்குள் ஒப்புதல் படிவம் தயாராகிவிட்டது, என் பெயரும் வார்டு எண்ணும்கூட எழுதியாகிவிட்டது. பயத்தில் அட்வான்ஸ் கட்டிவிட்டோம்.

கையெழுத்துப் போடும் நேரத்தில் தடுத்தது என் அக்கா. இன்னொரு நரம்பியல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் முதலில் கேட்டதே சி.டி.யைத்தான். கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினார்: மூளையைச் சுற்றியுள்ள நீர் எந்தப் படத்தில் வெளுப்பாகத் தெரிகிறதோ அதில் இதுவும் வெளுப்பு, எதில் கறுப்போ அதில் இதுவும் கறுப்பு, அதாவது உள்ளே இருப்பது அதே நீர்தான், பக்கத்து மூளையை அழுத்தவும் இல்லை. பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாது என்றார்.

அப்புறம் கேட்டார், “மாசத்துல எத்தனை நாள் வலி மாத்திரை போடுறீங்கம்மா?” எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய தினமும். சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்குமாம்! அவர் சொன்னபடி நிறுத்தினேன். முதல் பத்து நாள் உயிர் போனது, பிறகு மெல்ல விட்டுவிட்டது.

சிஸ்ட் என்றாலே அலட்சியமாக விடலாம் என்று சொல்லவில்லை. நீரோட்டத்தை அடைத்தாலோ, வலிப்பு, ஓயாத வாந்தி, பார்வைக் கோளாறு என்று வந்தாலோ ஆபரேஷன் தேவைப்படலாம், திடீரென்று இடி விழுந்த மாதிரி தலைவலி வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆனால் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக ஏதாவது தென்படுவது அபூர்வமே இல்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 45 வயதைத் தாண்டிய பொதுமக்கள் 2000 பேரின் தலையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2007ல் வந்தது. அதில் 1.8 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய் வீக்கமும் 1.6 சதவீதம் பேருக்குப் புற்றல்லாத கட்டியும் இருந்தன. இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் அத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்திருக்க மாட்டேன்.

அதனால் சி.டி.யைக் கையோடு கேட்டு வாங்குங்கள். என் தொந்தரவுக்கு இதுதான் காரணமா, ஆபரேஷன் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற இரண்டையும் மருத்துவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பதில் சொல்ல நேரமில்லாதவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள். எனக்கு ஒரு வருடம் கழித்து ஒரே ஒரு ஸ்கேன், அளவு மாறவில்லை என்றால் அதோடு விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டிய அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது, மீதிக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.