நான் கேட்டதையே எழுதிச் சேர்த்து விற்றார்: ஜெர்மன் போர்க்காலப் படைவீரர் புத்தகம் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

காவல்துறையின் இணையப் புகார்ப் படிவத்தை நேற்று மாலை நிரப்பி அனுப்பினேன். அந்தக் கோபம் தணிவதற்குள் இதை எழுதுகிறேன். ஒரு ஜெர்மன் படைவீரரின் பழைய சம்பளப் புத்தகத்தில் யாரோ சேர்த்த இரண்டே இரண்டு போலி வரிகளுக்காக 740 யூரோ கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பழைய ஆவணங்களைச் சேகரிக்கும் தமிழர்கள் ஐரோப்பாவில் சிலராவது இருக்கிறீர்கள் என்பதை அறிவேன். உங்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் ட்ரெஸ்டனில் வசிக்கிறேன். இங்கிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டருக்குள் கோனிக்ஸ்ப்ரூக் என்ற சிற்றூர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் போர்முனையில் சிறைப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படைவீரர்களைக் கொண்டு, நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் முயற்சியால் ஜெர்மன் படையில் உருவான இந்திய லீஜியன் என்ற பிரிவு அங்கேதான் பயிற்சி பெற்றது. ஜெர்மன் படைக் கணக்கில் அது 950ஆம் எண் கொண்ட இந்தியக் காலாட்படை ரெஜிமென்ட். 1943 வசந்தத்தில் அது நெதர்லாந்துக்கும், அதே ஆண்டின் பிற்பகுதியில் பிரான்சின் அட்லாண்டிக் கரையில் போர்தோவுக்கு அருகிலுள்ள லாக்கனோவுக்கும் அனுப்பப்பட்டது. 1944 ஆகஸ்டில் நாஜிகளின் தனி ஆயுதப்படையான வாஃபன் எஸ்எஸ்ஸின் கீழ் கொண்டுவரப்பட்டது. அந்த ரெஜிமென்டின் அதிகாரிகளிலும் பயிற்சியாளர்களிலும் பெரும்பாலோர் ஜெர்மானியர். நம் ஊர் ஆட்களுக்குக் கட்டளையிட்ட அந்த ஜெர்மானியர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், முன்பு எந்தப் போர்முனையில் இருந்தார்கள் என்று தேடுவதே ஐந்தாண்டுகளாக என் ஓய்வுநேர வேலை.

இந்தத் தேடலுக்கு இரண்டு புத்தகங்கள் உயிர்நாடி. ஒன்று வேர்பாஸ், படைக்குப் பதிவு செய்தவுடன் ஒருவருக்குத் தரப்படுவது. அவர் படையில் சேர்ந்ததும் அதை அவருடைய பிரிவு வாங்கி வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோல்ட்பூஹ் என்ற சம்பளப் புத்தகத்தைக் கொடுக்கும். போர்க்களத்தில் அவருடைய அடையாள அட்டையும் அதுவே என்பதால், சட்டைப் பையில் எப்போதும் அவருடன் இருக்கும். அடையாளத் தகட்டின் எண், இரத்த வகை, வாயுமுகமூடியின் அளவு ஆகியவை முதல் பக்கத்தில் இருக்கும். பணியாற்றிய பிரிவுகள் நான்காம் பக்கத்திலும், மருத்துவமனையில் கிடந்த நாட்கள் நடுப்பக்கங்களிலும், விடுப்புகள் கடைசிப் பக்கங்களிலும் பதிவாகும். ஒரு மனிதர் பணியாற்றியதும் காயப்பட்டதும் வீட்டுக்குப் போய்த் திரும்பியதும் உள்ளங்கை அளவுள்ள அந்த ஒரே புத்தகத்தில் இருக்கும். 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மீது நடந்த குண்டுவீச்சில் ஜெர்மன் தரைப்படையின் ஆவணக்காப்பகம் பெருமளவு எரிந்துபோனது. அதனால் பல சாதாரண வீரர்களைப் பொறுத்தவரை இந்தச் சிறு புத்தகமே அவர்கள் வாழ்வின் முழுமையான சாட்சி.

சென்ற மாதத் தொடக்கத்தில், பழம்பொருள்களைத் தனிநபர்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையின் ‘தேவை’ பகுதியில் ஓர் அறிவிப்பு இட்டேன். 950ஆம் ரெஜிமென்டில் 1943இல் பணியாற்றிய ஜெர்மானியரின் சோல்ட்பூஹ் வேண்டும். கீழ்நிலை அதிகாரியாக இருந்தால் நல்லது. லாக்கனோ காலத்துப் பதிவு இருந்தால் கூடுதல் விலை தருவேன். என்ன முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. எனக்கு எந்தப் பொய் வேண்டும் என்பதை நானே வரி வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் ஒருவர் எழுதினார். இறந்துபோன பக்கத்து வீட்டுக்காரரின் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டியில் கிடைத்ததாம். ஆறு படங்கள் அனுப்பியிருந்தார். படங்களில் முத்திரைகள் இருந்த இடங்களையெல்லாம் கறுப்புச் சதுரங்களால் மறைத்திருந்தார். நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடை செய்வதால் இங்கே பலரும் இப்படித்தான் மறைத்துப் படமிடுவார்கள். சட்டத்துக்கு அஞ்சும் மனிதர் என்று எனக்கு நம்பிக்கையே பிறந்தது. நான் பார்த்திருக்க வேண்டிய இடத்தைத்தான் அந்தச் சதுரம் மறைக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பிறகு தொலைபேசியில் நாற்பது நிமிடம் பேசினார். நிதானமான, வயதான குரல். இந்தியர்களைப் பற்றி அக்கறையோடு கேட்டார். “கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்ப்பவரிடம் இதைக் கொடுக்க எனக்கு மனமில்லை, இந்த மனிதர் யாரென்று தேடிப் பார்க்கும் உங்களிடம்தான் இது சேர வேண்டும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். ஐந்தாண்டுகளில் என் வேலையைப் புரிந்துகொண்டு இப்படிப் பேசிய முதல் ஆள் அவர். சந்தையின் பாதுகாப்பான கட்டண வழியில் போனால் கழிவு பிடிப்பார்கள், நண்பர்களுக்குப் பணம் அனுப்பும் முறையில் அனுப்பினால் இருவருக்கும் மிச்சம் என்றார். அன்றிரவே 740 யூரோ அனுப்பினேன். அதுவரை எந்தச் சோல்ட்பூஹுக்கும் நான் 140 யூரோவுக்கு மேல் கொடுத்ததில்லை.

புத்தகம் நான்கே நாளில் வந்தது. எனக்குத் தெரிந்த சோதனைகளையெல்லாம் செய்தேன். புற ஊதா விளக்கின் கீழ்க் காகிதம் ஒளிரவில்லை. போருக்குப் பின் வந்த வெண்மையூட்டிய காகிதமாக இருந்தால் நீலமாகப் பளிச்சிட்டிருக்கும். கம்பித் தையல் துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கியிருந்தது. எல்லாம் உண்மை, ஏனெனில் புத்தகம் உண்மையானது. மகிழ்ச்சியில், சரியாக வந்து சேர்ந்தது என்று விற்பவருக்கு நன்றிக் கடிதமும் எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தை இப்போது எனக்கெதிராகவே காட்டுகிறார்கள்.

உண்மை வெளியானது பத்து நாள் கழித்து. என் மாடிக் குடியிருப்புக்குக் கீழே வசிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியையான எண்பது வயது அம்மையார் பழைய ஜெர்மன் கையெழுத்தைத் தடையில்லாமல் வாசிப்பார். குரென்ட், சுட்டர்லின் என்ற அந்த எழுத்து முறைகளில் எனக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு. தேநீர் மேசையில் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டு வந்தவர் மருத்துவமனைப் பக்கத்தில் நின்றார். புத்தகத்துக்கு உரியவர் 1943 அக்டோபர் 8இல், இன்றைய பெலாரஸிலுள்ள மின்ஸ்க் நகரின் படை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, நவம்பர் 30இல் விடுவிக்கப்பட்டிருக்கிறார். பிறகு விடுப்புப் பக்கத்துக்கு வந்தார். நவம்பர் 2 முதல் 20 வரை ஊர் விடுப்பு, வழங்கியது 950ஆம் ரெஜிமென்ட். அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இவர் அப்போது மின்ஸ்கில் படுத்திருக்கிறாரே, தம்பி, பிரான்சிலிருந்து எப்படி வீட்டுக்குப் போனார்?” என்று ஜெர்மனில் கேட்டார். தம்பி என்பது நான் அவருக்குக் கற்றுக்கொடுத்த சொல். அந்தக் கணத்தில் எனக்கு வயிறு கலங்கியது.

வீட்டுக்கு வந்து பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். விடுப்பு வரியின் ஊதா முத்திரை முழுவதும் நுண்ணிய நிறப்புள்ளிகள். கணினி அச்சுப்பொறியின் வேலை. அசல் முத்திரையின் மை இழைகளுக்குள் ஊறி, விளிம்பில் சற்றே அடர்ந்து நிற்கும். நான்காம் பக்கத்தில் 950 என்று எழுதிய கடைசி வரி பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்பட்டது. உருண்டை முனை தாளில் பள்ளம் விழ அழுத்தியிருக்கிறது. அதற்கு மேலிருக்கும் வரிகள் மைப்பேனாவிலும் மைப்பென்சிலிலும் எழுதப்பட்டவை. ஆக, அந்த மனிதர் சோவியத் யூனியனுக்கு எதிரான கிழக்கு முனையில் ஒரு வழங்கல் பிரிவில் வண்டியோட்டியவர். மின்ஸ்கில் ஏழு வாரம் படுத்துக் கிடந்தவர். இந்தியர் ஒருவரைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார். என் அறிவிப்பைப் படித்துவிட்டு, குரென்ட் படிக்கத் தெரியாத எவரோ அவருடைய வாழ்க்கையில் இரண்டு வரிகளைச் சேர்த்திருக்கிறார். எண்பது ஆண்டுகளாகச் சிதையாமல் வந்த சாட்சியத்தை 740 யூரோவுக்காகக் கெடுத்திருக்கிறார் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதன்பின் தொடங்கியது அலைக்கழிப்பு. விற்பவருக்கு அன்றிரவே படங்களுடன் எழுதினேன். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள், “என் தாத்தாவின் புத்தகத்தைப் போலி என்கிறீர்களா, இறந்தவரை அவமதிக்கிறீர்கள்” என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எப்போது தாத்தாவானார் என்று கேட்டேன். தனிநபர் விற்பனை, திரும்பப் பெறுவதில்லை என்று தன் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்ததைக் காட்டிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார். அந்த எண் இப்போது ஒலிப்பதே இல்லை. சந்தை நிறுவனத்துக்கு நான்கு முறை எழுதினேன். முதல் இரண்டும் எந்திரப் பதில்கள். மூன்றாவதில், பணம் எங்கள் வழியாகச் செல்லாததால் வாங்குபவர் பாதுகாப்பு பொருந்தாது என்றார்கள். நான்காவதில், பொருள் சரியாக வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றார்கள். பணம் அனுப்பிய சேவையோ, நண்பருக்குக் கொடுத்த பணம் நண்பருக்குக் கொடுத்ததுதான் என்றது. ஒரு படைப்பொருள் கடைக்காரரிடம் எழுத்துபூர்வமான கருத்து கேட்டுப் போனேன். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், “அட்டை நல்ல அட்டை, வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். 740 யூரோவுக்கு நான் வாங்கியது அட்டையா?

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். திரும்பப் பெறுவதில்லை என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்பது பொய். குறையை வஞ்சகமாக மறைத்தவர் அந்த வரியின் பின்னால் ஒளிய முடியாது என்று ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 444ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அவரைக் கண்டுபிடித்தால்தானே அந்தப் பிரிவு உதவும்.

விரிவாக வழிகாட்டியே எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொதுவெளியில் எழுதாதீர்கள். முத்திரையைச் சட்டப்படி மறைத்துப் பொதுவில் இடட்டும். மறைக்காத படத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். எல்லாப் பக்கங்களின் படத்தையும் கேளுங்கள். பிரிவு, மருத்துவமனை, விடுப்பு, பதக்கம் ஆகிய நான்கின் தேதிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். கிழக்குமுனைப் பதக்கம் நிறுவப்பட்டதே 1942 மே 26இல்தான். அதற்கு முந்தைய தேதியில் அது வழங்கப்பட்டதாக இருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். நண்பர் முறையில் ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள்.

புத்தகத்தை நான் மறுபடி விற்கப்போவதில்லை. எந்த இரண்டு வரிகள் போலி என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி, தேதியிட்டு, அதனுடனேயே வைத்துவிட்டேன். பழைய படைத்தகவல் அலுவலகத்தின் வீரர்களைப் பற்றிய 1.8 கோடிக்கும் மேற்பட்ட குறிப்பு அட்டைகள் 2019 முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் பெர்லின் பிரிவில் இருக்கின்றன. அந்த வண்டியோட்டியின் அடையாளத் தகட்டு எண்ணைக் கொடுத்து அங்கே விண்ணப்பித்திருக்கிறேன். பதில் வர மாதங்கள் ஆகும், ஆகட்டும். அவருடைய உண்மையான கதையாவது சரியாகப் பதிவாக வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே சந்தையைத் திறந்து பார்த்தேன். வேறு பெயரில் புதிய கணக்கு ஒன்று, 1941 மே மாதம் கிரீட் தீவில் குதித்த பாராசூட் வீரரின் சோல்ட்பூஹ் என்று ஒன்றை விற்பனைக்கு வைத்திருக்கிறது. விலை 890 யூரோ. பின்னணியில் என் புத்தகத்தின் படங்களில் இருந்த அதே பச்சைக் கட்ட மேசைவிரிப்பு. விடுப்புப் பக்கத்தில் அதே கறுப்புச் சதுரம். கிரீட் வீரரின் புத்தகம் வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன் ‘தேவை’ பகுதியில் கேட்டவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள்.