கடற்கரை ஊரில் ஒரு ஹைபிரிட் கார்: சேர்விஸுக்குக் கொழும்புவரை போகத்தான் வேண்டுமா?

திருகோணமலையின் உப்புவெளியில் வீடு, கந்தளாயில் வேலை. இந்த ஓட்டத்தை என்னிடம் உள்ள டொயோட்டா அக்குவா என்ற ஹைபிரிட் கார் (பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது) பல வருடங்களாகத் தாங்கிக்கொண்டு வருகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இன் தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழிவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த காரைப் பேணுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அதனால்தான் திருகோணமலையில் ஹைபிரிட் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால், சேர்விஸை முகவர் நிறுவனத்தில் செய்வதா, ஊர் கராஜில் செய்வதா என்ற பேச்சு தானாக வந்துவிடுகிறது.

உத்தரவாதம் போய்விடும் என்ற பயத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். இங்கே ஓடும் அக்குவாக்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷன் வாகனமாக வந்து இறங்கியவை. உள்ளூர் முகவர் விற்காத காருக்கு அவர் உத்தரவாதம் தரப்போவதில்லை. இல்லாத ஒன்றை எப்படி இழப்பது? ஆகவே முகவரிடம் என்ன வேலைக்குப் போகிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஒயில் மாற்றுவதற்கு நான் போவதில்லை. இந்த என்ஜினுக்கு ஸீரோ டபிள்யூ 20 ஒயிலும் நல்ல பில்டரும் போதும். அதைச் செய்வதற்காக ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று கொழும்புவரை ஏறத்தாழ 260 கிலோமீற்றர் ஓடுவதில் அர்த்தமில்லை. பேன் பெல்ட் கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஓல்டனேட்டர் கிடையாது. சாதாரண காரில் அடிக்கடி காசு கேட்கும் பல உறுப்புகள் இதில் இல்லவே இல்லை. இது தெரியாதவர் எழுதிய பில்லில் பெல்ட் மாற்றியதாக ஒரு வரி இருந்தால், கராஜை மாற்றிவிடுங்கள்.

பிரேக்தான் எங்கள் ஊரின் தனிப் பிரச்சினை. ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்து, அந்தச் சக்தியைப் பற்றரிக்கு அனுப்பிவிடுகிறது. பிரேக் பேட் நீண்ட காலம் உழைக்கும் என்று சொல்வது உண்மைதான். ஆனால் உழைக்காத இரும்பு உப்புக் காற்றில் சும்மா இருப்பதில்லை. கிண்ணியா நானா ஒருவரிடம் முன் சக்கரத்தைக் கழற்றக் கொடுத்தபோது, வெளிப்பக்கப் பேட் புதிதுபோல இருந்தது. உள்பக்கப் பேட்டில் இரும்பு தெரிந்தது. பேட்டைப் பிடித்து அழுத்தும் கலிப்பர் நகர வேண்டிய பின்கள் துருவேறி இறுகியிருந்தன. “இது பிரேக் அடித்துத் தேய்ந்ததல்ல தம்பி, பிடித்த பிடியை விடாமல் தேய்ந்தது” என்றார். பின்களைத் தேய்த்து, அதற்குரிய கிறீஸ் பூசி மாட்டியதும் சக்கரம் கையால் தள்ளச் சுழன்றது. கடற்கரையில் இருப்பவர்கள் கிலோமீற்றர் கணக்கைப் பார்க்காமல், பேட் தடிப்பாக இருந்தாலும் ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் இதைச் செய்ய வேண்டும். பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதும் இதோடு சேர்ந்தது. முகவரின் அட்டவணை நிலாவெளிக் காற்றுக்காக எழுதப்பட்டதல்ல.

அடுத்தது பின் இருக்கைக்குக் கீழே பற்றரிக்குக் காற்றை இழுக்கும் துவாரம். பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு ஏறினால் மணலும் துவாய் நூலும் அங்கேதான் போய்ச் சேரும். ஏதாவது பையை அதன் முன்னால் சாத்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள். 20 மொடியூல்கள், அதாவது தனித்தனிப் பற்றரித் துண்டுகள், கொண்ட நிக்கல் பற்றரிக்கு எங்கள் ஊரின் சித்திரை வெயிலே போதுமான சோதனை. காற்றையும் அடைத்தால் ஆயுள் குறையாமல் என்ன செய்யும்? துவாரத்து மணலையும் நூலையும் வீட்டிலேயே எடுத்துவிடலாம். உள்ளே இருக்கும் விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்வதைப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

முகவரிடம், அல்லது ஹைபிரிட் வேலை மட்டுமே செய்யும் நம்பகமான இடத்தில், கட்டாயம் கொடுக்க வேண்டியவை என்று நான் கருதுவது ஏசி, இன்வேர்ட்டர் (பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) கூலன்ட், பற்றரிப் பரிசோதனை ஆகியவற்றைத்தான். ஏசி கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதற்கு மின்சாரம் கசியவிடாத எஸ்டர் வகை ஒயில் வேண்டும். சாதாரண காருக்கு ஊற்றும் ஒயில் கலந்தால் மின்காப்புக் கெட்டு, கார் ஓடத் தயாரான ரெடி நிலைக்கே வராமல் மறுக்கலாம். தெருமுனையில் காஸ் நிரப்புபவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அவருடைய குழாயில் எந்த ஒயில் மிச்சமிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இன்வேர்ட்டருக்கு என்ஜினைச் சேராத தனித் தொட்டியும் தனிப் பம்பும் உண்டு. கூலன்ட் மாற்றும்போது உள்ளே காற்று நின்றுவிட்டால் இன்வேர்ட்டர் சூடேறும்.

பற்றரியை ஸ்கேன் செய்யும்போது பக்கத்தில் நின்று திரையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஓட்டத்தில் பற்றரிப் பகுதிகளின் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று ஒட்டிப் போகின்றனவா, ஒன்று மட்டும் பின்தங்குகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்ற ஒற்றை வரிக்குப் பணம் கொடுக்காமல், அந்த எண்களை அச்சிட்டு வாங்குங்கள். அடுத்த வருட எண்களோடு ஒப்பிட அது வேண்டும். பலவீனமான ஒரு மொடியூலை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரே வயதுடைய மற்றவையும் சிறிது நாளில் வரிசையில் வந்து நிற்கும்.

உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிறக் கேபிள்களை யாரும் விளையாட்டாகத் தொட வேண்டாம். பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும், கபாசிட்டர்களில் தங்கிய மின்சாரம் இறங்குவதற்குக் குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். மின்காப்புக் கையுறை இல்லாத கராஜில் அந்தப் பிளக் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றானபோது, நாள்கணக்கில் நிறுத்தி வைத்த கார்களில் பெரிய பற்றரிக்கு முன்னரே சிறிய 12 வோல்ட் பற்றரி கைவிட்டது. அது படுத்தால் ரெடி விளக்கே எரியாது. பலர் பெரிய பற்றரி போய்விட்டது என்று பதறினார்கள். இந்தச் சிறிய பற்றரி இருப்பது காரின் உள்ளே என்பதால், வாயுவை வெளியே விடும் குழாய் பொருந்தக்கூடிய வகையைத்தான் போட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று சாதாரணப் பற்றரியை வைக்காதீர்கள்.

கொழும்பிலோ அதன் சுற்றுவட்டத்திலோ வசித்திருந்தால், ஒயிலைக்கூட முகவரிடமே மாற்றியிருப்பேன். அரை நாளில் முடிகிற காரியம். திருகோணமலையிலிருந்து போனால் பில்லைவிடப் பயணமும் வீணாகும் நாளும் கனக்கின்றன. ஆகவே வேறு அலுவலுக்குக் கொழும்பு போகும் நாளோடு ஏசி, இன்வேர்ட்டர் கூலன்ட், பற்றரிப் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்து, முன்கூட்டியே நேரம் பதிந்துகொள்கிறேன். மற்றதெல்லாம் கிண்ணியா நானாவின் கையில்.