காலி நாற்காலிக்கு யார் பணம் தருவது? கிராம மருத்துவமனை நிதி: நான்கு முறைகள்

ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு சின்ன மருத்துவமனை. இரவு இரண்டு மணி. பிரசவ வார்டில் ஆளே இல்லை. ஆனாலும் ஒரு நர்ஸ் விழித்திருக்க வேண்டும், கூப்பிட்டால் உடனே வரும் தூரத்தில் டாக்டர் இருக்க வேண்டும், ரத்தம் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு 40 மணி நேர வேலை என்றால், அந்த நர்ஸின் நாற்காலி ஒன்றை நிரப்பவே நாலு பேருக்கு மேல் தேவை. லீவையும் சேர்த்தால் ஐந்து. வாரம் இரண்டு பிரசவம் நடந்தாலும் ஆறு நடந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நிதிப் பங்கீடு பற்றி யார் பேசினாலும், இந்த நாற்காலிக்கு அவர்களிடம் பதில் இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

போன வருஷம் கொடுத்ததோடு கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது பழைய பாணி. ஏற்கெனவே கட்டடமும் ஆளும் இருக்கும் இடத்துக்கே பணம் போய்ச் சேரும். சண்டை வராது என்பதைத் தவிர இதில் வேறு நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தும் ரொம்ப நாள் இப்படித்தான் ஓட்டியது. 1976-இல் ஒரு குழு அதை மாற்றச் சொன்னது: மக்கள்தொகை, வயது, இறப்பு விகிதம் இவற்றைப் பார்த்து ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் பங்கு போடலாம் என்றது. லண்டன் பக்கம் நிதி வளர்ச்சி குறைந்தது, வடக்குக்குக் கூடுதலாகப் போனது. நியாயமான சூத்திரம்தான். ஆனால் அது பிராந்தியத்தின் வாசல் வரைதான் வரும். உள்ளே வந்த பணத்தைப் பெரிய மருத்துவமனையே விழுங்கிவிட்டால் சூத்திரம் என்ன செய்யும்? அப்புறம், ஆட்கள் சிதறி வாழ்வது ஒரு நோய் இல்லை. இறப்புக் கணக்கில் அது தெரியாது.

மூன்றாவது, பார்த்த கேஸுக்குப் பணம். அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1983-இல் நோய்வகை வாரியாக ஒரு தொகையை நிர்ணயித்தது. வீண்செலவைக் கட்டுப்படுத்த நல்ல வழி, பெரிய மருத்துவமனைக்கு. சின்ன இடத்திலோ இரண்டு கேஸ் ஐந்து பேரின் சம்பளத்தைச் சுமக்க வேண்டும். அடுத்த வருஷங்களில் கிராமப்புற மருத்துவமனைகள் பல மூடப்பட்டன. இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இதற்கும் பங்கு உண்டு.

அந்த அடியிலிருந்து வந்ததுதான் 1997-இன் மாற்று ஏற்பாடு: 25 படுக்கைக்குள், அடுத்த மருத்துவமனையிலிருந்து பொதுவாக 35 மைல் தள்ளி இருந்தால், கேஸை எண்ணாமல் ஆன செலவைக் கணக்கிட்டுக் கொடுப்பது. நாற்காலிக்குச் சம்பளம் வந்துவிட்டது. சிக்கலும் கூடவே வந்தது. மாநிலங்கள் 'இது அவசியம்' என்று சான்று கொடுத்தால் தூர விதியைத் தாண்டலாம் என்று ஒரு கதவு இருந்தது. 2006-இல் அதை மூடும்வரை, பக்கத்திலேயே இன்னொரு மருத்துவமனை இருந்தவர்களும் அதன் வழியாக நுழைந்தார்கள். செலவழித்ததெல்லாம் திரும்ப வரும் என்றால் சிக்கனமாக இருக்க யாருக்குத் தோன்றும்?

ஆஸ்திரேலியாவின் கலவை எனக்குப் பிடித்திருக்கிறது. பெரிய மருத்துவமனைகளுக்குக் கேஸ் கணக்கு, சின்ன கிராமப்புற மருத்துவமனைகளுக்கு, கேஸை எண்ணாமல் மொத்தமாக ஒரு தொகை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆண்டு வருமானத்தை முன்கூட்டியே நிர்ணயிக்கும் முறையை 2010-இல் கிராமப்புறத்தில் விரிவாக்கி, 2014-இல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது.

சரி, நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? பிராந்தியத்துக்குச் சூத்திரம், பெரிய இடத்துக்குக் கேஸ், சின்ன இடத்துக்கு மொத்தத் தொகை. ஆனால் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு இரவில் கதவைச் சாத்துவது ரொம்பச் சுலபம். அதனால் வருஷக் கடைசியில் வரவு செலவுக் கணக்கை மட்டும் கேட்டால் போதாது, நைட் டியூட்டி பட்டியலையும் கேட்க வேண்டும்: யார் பெயர் இருந்தது, அவர் வந்தாரா என்று.